கையைத் தூக்கி நிற்கிற ஜனம்

இதோ மறுபடியும் கையைத் தூக்கிவிட்டார்கள். சோளக்காட்டில் நின்றவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுத் தூக்குகிறான், ஆற்றில் குடம் முக்கிக்கொண்டிருந்தவள் குடத்தை ஆற்றோடு விட்டுவிட்டுத் தூக்குகிறாள், கூரை வேய்ந்துகொண்டிருந்த மூன்று பேர் கூரை மேலேயே நின்று தூக்குகிறார்கள், விழுந்து தொலைத்தால் அதற்கும் இந்துமதிதான் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு வெள்ளைக் குமிழி. போன் திரையில் ஒன்றைத் தொட்டால், 'கடவுளே, நாங்கள் தாகமாக உள்ளோம்' என்கிறது. தாகமாம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தாகமாம். அடியே, குனிந்து குடியேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் சொன்னால் தொட்டிலில் கிடக்கிற மிதுனா எழுந்துகொள்வாள், எழுந்துகொண்டால் இந்தப் பொழுது போச்சு. ரெண்டரை வயசுக் கழுதைக்குச் சேலைத் தொட்டில், கால் ரெண்டும் வெளியே தொங்குகிறது, விட்டம் முனகுகிறது, ஆனாலும் தொட்டில் இல்லாமல் கண் மூடமாட்டாள். தொட்டில் கயிற்றின் நுனி இந்துமதியின் வலது கால் கட்டைவிரலில். சுவரில் சாய்ந்து காலை நீட்டி, விரலை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி, விரல் நின்றால் அங்கே கண் திறக்கும். கால் தொட்டிலுக்கு, கை போனுக்கு, காது மாமியாருக்கு. மூன்று மணி வெயில் ஓட்டுச் சந்து வழியாக இறங்கித் தரையில் ஒரு காசு மாதிரி விழுந்து கிடந்தது. அது நகர்ந்து அரிசி டிரம் பக்கம் போகும்போது மணி நாலு ஆகியிருக்கும். நாலு மணிக்கு மாமா, அவள் புருஷன், கூப்பிடும். நாலு மணிக்கு அவள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதற்குள் இவர்களுக்குத் தாகம்.

நதிக்கரையில் ஏன் நாகரிகம் தோன்றியது என்று உமையாள் டீச்சர் ஒன்பதாம் வகுப்பில் கேட்டார். துணி துவைக்கத் தோதா இருக்குமுங்க டீச்சர் என்று இந்துமதி எழுந்து சொன்னதும் வகுப்பே சிரித்தது, பெஞ்சு மேல் நிற்க வைத்தார். இப்போது இந்த ஊரை ஏழு மாதமாகப் பார்த்தவளுக்குத் தெரிகிறது, அவள் சொன்னது ஒன்றும் தப்பில்லை. இவர்கள் கரையை விட்டு நகராததற்கு வேறு காரணமே இல்லை, சோம்பல், அவ்வளவுதான். ஏழு மாதம். முதலில் இது புருஷன் பூபதியின் ஊர். ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர் வண்டியில் டிரில்லராகப் போனவன், சத்தீஸ்கர் காட்டுக்குள் குழாயை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு அடுத்த குழாய் வரைக்கும் சும்மா நிற்கிற நேரத்தில் போனில் ஏற்றிக்கொண்ட விளையாட்டு. வெறும் மண், அதில் நான்கு ஆள், நீ மேலே இருந்து மழை விட்டு வெயில் விட்டு விதை போட்டு ஊராக்க வேண்டும், பேசக்கூட ஆரம்பிப்பார்கள் என்று முதல் நாள் சொன்னபோது அவன் குரலில் இருந்த சந்தோஷம், மிதுனா நடந்தாள் என்று இவள் சொன்னபோது இருந்த சந்தோஷத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை, அதிலேயே அவளுக்குப் பாதிக் கோபம். பிறகு வண்டி இன்னும் உள்ளே போயிற்று, சிக்னல் கிடையாது, ஒரு நாள் திறக்காவிட்டால் ஜனத்துக்கு நம்பிக்கை குறையும், மூன்று நாள் திறக்காவிட்டால் ஊர் கலைந்து போகும். "ஆட்டைப் பாத்துக்கறாப்பல பாத்துக்க அம்மிணி, ஒரு அஞ்சு நிமிசம், தண்ணி காட்டிட்டு மூடிரு" என்று பாஸ்வேர்டைச் சொன்னான். ஆடு எவ்வளவோ தேவலை. ஆடு வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்காது.

அவள் கைக்கு வந்த வேகத்தில் ஊர் முழுகியது. அதையும் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே இந்தத் தெருவில் பாதி வீட்டு ஆம்பிளைகள் வண்டியோடு போனவர்கள். டிவியில் வானிலை சொன்னால் இந்தத் தெருப் பெண்கள் தமிழ்நாட்டைப் பார்ப்பதில்லை, படத்தின் நடுவில் இருக்கிற சத்தீஸ்கரைத்தான் பார்ப்பார்கள். அங்கே மேகம் இறங்கினால் வண்டி சேற்றில் இறங்காது, வேலை நிற்கும், ஆள் ஊர் வந்து சேரும். ஜூன் மாதம் இங்கே ஒரு சொட்டு இல்லாமல் காய்ந்தாலும், அங்கே ஊத்துது என்று யாராவது சொன்னால் தெருவில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் கையில் மழைப் பொத்தானைக் கொடுத்தால் என்ன செய்வாள், அழுத்தினாள். முதல் நாள் அழுத்தினாள், ஜனம் ஆடியது. ரெண்டாம் நாள் அழுத்தினாள். ஒன்பது நாள் விடாமல் அழுத்தினாள், ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி, யாரோ பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குகிற மாதிரி. பத்தாம் நாள் பூபதி சிக்னல் கிடைக்கிற மேடேறி வந்து கூப்பிட்டான். "ஏம்புள்ள, அறுவத்தோரு பேரைக் காணமே." மழை நல்லதுதானுங்களே மாமா என்றாள். "நல்லதுதான்" என்றான், குரல் ஒரு மாதிரி இருந்தது, "ஆனா அளவா உடு." அன்றைக்குப் பெருகிய ஆறுதான், இன்று வரைக்கும் வடியவில்லை, வருஷா வருஷம், அவர்களுடைய வருஷம் நம்முடைய ரெண்டு நாள், கரை ஏறி வந்து நாலு குடிசையைத் தின்றுவிட்டுப் போகிறது.

அதனால்தான் இன்றைக்கு இந்தக் குமிழி. வெள்ளை இல்லை, மஞ்சள். தலையில் இறகு செருகிய ஊர்த்தலைவன் மேட்டில் தனியாக நிற்கிறான், இதுவரைக்கும் இப்படி ஒன்று வந்ததில்லை. 'கடவுளே, ஆறு எங்கள் இல்லங்களை விழுங்குகிறது. நாங்கள் அக்கரைக்குச் செல்ல வேண்டுமா? ஆம். இல்லை.' பக்கத்தில் ஒரு மணல் கடிகாரம், பொடி மணல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அக்கரை என்பது படத்தில் கறுப்பு. யாரும் போனதில்லை, போனால்தான் வெளிச்சமாகும், புல்லா பாறையா புலியா எதுவும் தெரியாது. எதற்குத்தான் கேட்கிறீர்கள் என்னை, நான் பார்த்தேனா அக்கரையை, எனக்கும் கறுப்பாகத்தானே தெரிகிறது. உங்கள் காலில் சேறு, உங்கள் குடிசையில் தண்ணீர், உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும். மாமாவைக் கேட்டால், உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் என்பான். அதைத்தான் சொல்வான். அதைத்தான் நேற்றும் சொன்னான், ராய்ப்பூரில் வீடு பார்த்துவிட்டேன், ரெண்டு ரூம், குழாய் உள்ளேயே இருக்கிறது, வீட்டுக்காரன் நாளைக்குள் சொல்லச் சொல்கிறான், நீங்கள் வருவதானால் அது, இல்லாவிட்டால் நான் வண்டி நிறுத்துகிற செட்டிலேயே படுத்துக்கொள்கிறேன், உனக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லு, அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்க. இதென்ன பேச்சு. வா என்று சொல்லேன். வராதே என்றாவது சொல்லேன். சரின்னு படுதோவாம். பட்டால் நேற்றே சொல்லியிருக்க மாட்டாளா, விரல் மடங்கி நீண்டு மடங்கி, மெதுவாக, மெதுவாக, ஆட்டம் வேகமானால் மிதுனாவுக்கு விக்கல் எடுக்கும்.

செட் என்பதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. முதலாளி பூபதியை ராய்ப்பூர் செட்டுக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார். நல்லதுதான், காட்டில் அலைய வேண்டாம், புழுதி குடிக்க வேண்டாம், தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஆனால் வண்டிகள் எல்லாம் செட்டுக்கு வந்து நிற்பது எப்போது, மழையில். ரிப்பேர் பார்ப்பது எப்போது, மழையில். மழை பெய்தால் எல்லோர் வீட்டுக்கும் ஆள் வரும், இந்த வீட்டுக்கு வராது. வருஷத்தில் பொங்கலுக்கு ஒரு வாரம், அவ்வளவுதான். போன மழைக்கு எழுபத்தெட்டு நாள் இருந்தான். அதில் இருபது நாள் மிதுனா கிட்டேயே போகவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள், இருபத்தோராம் நாள் தோளில் ஏறினாள், ஏறி, மாமா என்றாள். அப்பா சொல்லு, அப்பா. மாமா. அம்மா எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படித்தானே பிள்ளைக்கு வரும். தெருவே சிரித்தது, பூபதியும் சிரித்தான், சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய் வண்டிப் பானாவை வைத்துக்கொண்டு நல்லாயிருந்த குழாயைத் திருகு திருகு என்று திருகி உடைத்துவிட்டு வந்தான். அந்தக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. இப்போது போனில் அவன் முகம் வந்தால் மிதுனா மாமா என்று முத்தம் கொடுப்பாள், போன் அணைந்ததும் போனுக்குப் பின்னால் திருப்பிப் பார்ப்பாள். பொங்கலுக்கு வருகிற ஒரு வாரத்தில் எத்தனை நாள் கதவுக்குப் பின்னால் நிற்பாள், ஏழு நாளும் நின்றுவிட்டால். சரி, போகலாம். போகலாமென்றால் அங்கே இந்தி. தண்ணிக்கு பானி, அது தெரியும். பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் பானி பானி என்றா சொல்வது. கடைக்காரன் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், பகல் முழுக்க நாலு சுவர், செட்டுக்குப் போனவன் வர ஏழு மணியாகும், இங்கே மாமியார் கத்துவதாவது புரிகிற பாஷையில் கத்துகிறார். அப்படியானால் போக வேண்டாம். போகாவிட்டால் மாமா. மாமா என்றால் அப்பாவைப் பார்த்து மிதுனா சொல்கிற மாமா. செக்குமாடு சுற்றினாலாவது கடைசியில் எண்ணெய் வரும்.

இந்த லட்சணத்தில் பூ வேறு. காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டாயிற்று. மாமியார் பாவாயி எதையும் பூக் கேட்காமல் செய்ததில்லை, கிணறு தூர் வாருவதற்கும் கேட்பார், எருமை வாங்குவதற்கும் கேட்பார், இந்துமதியைப் பெண் பார்த்துவிட்டுப் போனபோதும் கேட்டார், அன்றைக்குச் சிவப்பு வந்ததால் இவள் இங்கே வந்தாள், அதற்காகப் பூவைத் திட்டவும் முடியாது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், ரெண்டும் இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்துக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார் பூசாரி. "பேத்தியும் மருமகளும் இங்கயே இருக்கறதுன்னா வெள்ளை குடு தாயே" என்று கேட்டது மாமியார். குனிந்து எடுத்தது மிதுனா. பிரித்துப் பார்த்து வெள்ளை என்றது பூசாரி. போக வேண்டியவள் தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, தட்டைச் சாய்க்காதே என்பதைத் தவிர. அதுவும் மிதுனா ஒன்றையா எடுத்தாள். ஒரு கையில் ஒன்றை எடுத்தாள், அடுத்த கையில் அடுத்ததையும் எடுத்தாள், ரெண்டும் வேண்டுமென்றுதான் எடுத்தாள், பூசாரி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார், "மொதல்ல எடுத்ததுதாங் கணக்கு" என்றார், அவள் கோயில் அதிர அழுதாள். அம்மன் சொன்னது எது, முதல் கையா, ரெண்டாம் கையா, அழுகையா. கேட்கக் கூடாது, தப்பு, கன்னத்தில் போட்டுக்கொள்ள ஒரு கையாவது சும்மா இருக்கிறதா. பூவை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஊரில் ஆயிரம் கதை. இந்துமதியின் அப்பாவே மீறியவர்தான், பூ வேண்டாமென்ற இடத்தில் போர் போட்டார், தொள்ளாயிரம் அடிக்கும் வெறும் புகை, வீடெல்லாம் வெள்ளைப் புழுதி, அம்மா மூன்று நாள் சோறாக்கவில்லை. கல்யாணமான புதிதில் பூபதியிடம் இதைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "பூக் கேட்டுப் போட்டதுலயும் புகை வந்திருக்கு, கேக்காமப் போட்டதுலயும் தண்ணி வந்திருக்கு, கீழ என்ன இருக்குதுன்னு போட்டாத்தான் தெரியும் அம்மிணி" என்றான். இவ்வளவு தெரிந்தவன் நேற்று ஏன் அம்மாவைக் கேட்டுக்க என்றான். அம்மா பூவைக் கேட்கும் என்று தெரியாதா. தெரியும். பழியைப் பூ தலையில் போட்டுவிடலாம் என்று இருவருக்குமே, சே, மூவருக்குமே தெரியும்.

மணல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வெளியே எருமைக்குத் தண்ணீர் காட்டுகிற சத்தம், "ந்தா, நில்லு, நில்லுங்கறேன்", எருமையிடம் பேசுகிற அளவுக்கு மாமியார் மனிதர்களிடம் பேசுவதில்லை. காலையில் கோயிலிலிருந்து வரும் வழியெல்லாம் மிதுனாவை இடுப்பை விட்டு இறக்கவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம், ஒரே பிள்ளை, அவனும் வண்டியில். இவர்களும் போனால் இந்த வீட்டில் ராத்திரி எருமைதான் இருமும். அதை ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்கிறாரா, நீங்க போனா நான் எப்படி இருப்பேன் என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் அழுதுகொண்டாவது இருந்துவிடலாம், அல்லது சண்டை போட்டுக்கொண்டாவது போய்விடலாம். அதற்குப் பதிலாக அம்மனைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்தாயிற்று. எல்லோரும் சாமி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள், சாமி யார் முதுகுக்குப் பின்னால் ஒளியும். இந்துமதிக்குத் திடீரென்று, இந்த அக்கரைக்கு நாமும் ஒரு பூக் கேட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. எட்டிய தூரத்தில் சீப்பு இருக்கிறது, கிளிப் இருக்கிறது, ஒன்று ஆம் ஒன்று இல்லை, மிதுனா தூக்கத்தில் கையை நீட்டினால். நினைத்த பிறகுதான் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கினாள், வயிறு குலுங்கியதில் கால் குலுங்கித் தொட்டில் எகிறியது. அவர்கள் சாமியைக் கேட்கிறார்கள், சாமி சீப்பைக் கேட்கிறது.

சிரிப்பு அடங்கியதும் சீப்பைத் தள்ளி வைத்தாள். ஏனென்றால் இவர்களுக்கு இதுவரைக்கும் கிடைத்த பதில்களின் யோக்கியதை அவளுக்குத்தான் தெரியும். ரெண்டு மாதம் முன்னால் கொள்ளைநோயோ என்னவோ வந்து பத்துப் பேர் படுத்துக் கையைத் தூக்கியபோது மிதுனா பாத்ரூம் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருந்தாள், சாமி ஸ்க்ரூடிரைவர் தேடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது ஏழு பேர்தான் மிச்சம். போன வாரம் பால் பொங்கியது, எட்டிப் பிடிக்கப் போய் பெருவிரல் பட்டு மின்னல் விழுந்தது, ஒரு புளியமரம் மாதிரி மரம் எரிந்தது, அவ்வளவுதான், அந்த இடத்தில் கல் நட்டுவிட்டார்கள், மாலை போட்டுவிட்டார்கள், 'கடவுளின் அடையாளம்' என்று எழுதிக்கொண்டு குழந்தை குட்டியோடு வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். அட பைத்தியங்களா, அது பால். பாலைத்தான் கும்பிடுகிறீர்கள். அம்மன் கோயிலில் காலையில் பொட்டலம் வைத்த நேரத்தில் அம்மனுக்கு எங்கே என்ன பொங்கிக்கொண்டிருந்ததோ. ஐயோ, தப்பு, தாயே மன்னிச்சுக்க. தப்பா. தப்பென்று தோன்றவில்லையே, பாவமென்றுதான் தோன்றுகிறது. அம்மனுக்கும் எத்தனை பேர், தொட்டில் எத்தனை, கயிறு எத்தனை, கால் விரல் பத்துதானே. அவள் என்ன வேண்டாமென்றா இருப்பாள், மாட்டேனென்றா இருப்பாள், எவளோ ஒருத்தி ராய்ப்பூர் போவதும் போகாததும் தன் தலையில் வந்து விடிந்திருப்பது அவளுக்குத் தெரியவாவது தெரியுமா. இந்துமதிக்கு இந்த ஜனம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை, சத்தியமாக, ஒருத்தரும் முழுகக் கூடாது. ஆசை இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. அதற்காகச் சொல்லாமல் விட்டால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள், கோபமில்லை, கையில் வேலை.

மணல் தீர்ந்துவிட்டது. அப்பாடா, இனி அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், கடிகாரம் தானாகக் கவிழ்ந்து மறுபடியும் மணல் ஒழுக ஆரம்பித்தது. 'கடவுள் பதிலளிக்கவில்லை. மக்கள் காத்திருக்கிறார்கள்.' காத்திருக்கிறார்களாம். ஊர் மொத்தமும் கையைத் தூக்கியாயிற்று, இருநூறு பேர், சோளம் முற்றித் தரையில் சாய்கிறது, அறுக்க ஆளில்லை, ஒரு தொழுவத்தில் மாடு கத்துகிறது, கறக்க ஆளில்லை, தண்ணீர் ஏறி ஏறி முன்வரிசைக் குடிசை வாசலைத் தொட்டுவிட்டது, அந்தக் குடிசைக்காரி கைக்குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, அதுவும் தண்ணீரில் இறக்கிவிட்டு, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். "பிள்ளையைத் தூக்குடி" என்றாள் இந்துமதி. சத்தமாகவே சொல்லிவிட்டாள். "கையைக் கீழ போட்டுட்டு மொதல்ல பிள்ளையைத் தூக்குடி, சண்டாளி. ஆத்தப் பாத்தா தெரியலயா உனக்கு. போறதுன்னா போ, இருக்கறதுன்னா மேட்டுல ஏறி இரு, நின்னுக்கிட்டே சாகறதுக்கு எதுக்கு ஒரு சாமி." தொட்டில் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை, விரல் எப்போதோ ஓய்ந்துவிட்டது, மிதுனா விழிக்கவில்லை, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், இத்தனை நாளும் ஆட்டாமலே தூங்கியிருப்பாளோ என்னமோ. இந்துமதி 'ஆம்' என்பதை அழுத்தினாள். தெரிந்து அழுத்தவில்லை, அக்கரை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பெருவிரல் தவறிப் படவும் இல்லை, பார்த்து, நடுவில் வைத்து அழுத்தினாள். அழுத்திய நொடியில் இருநூறு ஜோடிக் கைகளும் இறங்கின. பானையைத் தூக்கினார்கள், கோழியைப் பிடித்தார்கள், அந்தக் குடிசைக்காரி குழந்தையைத் தோளில் போட்டாள், நட்டு வைத்த கல்லை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்துமதிக்குத்தான் பதறியது. இவ்வளவுதானா. இதற்கா இத்தனை நேரம். மார்பளவு தண்ணீரில் வரிசையாக இறங்கிப் போகிறார்கள், புலி இருந்தால் என் தலையில்தான் விடியும், போங்கள், போய்த் தொலையுங்கள், பார்த்துப் போங்கள்.

மாமியார் உள்ளே வந்தபோது சேலைக் கொசுவத்தில் முழங்கால் வரைக்கும் ஒட்டுப்புல் அப்பியிருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். "யாரைப் போட்டுச் சண்டாளிங்கற?" என்றார் தலையைத் தூக்காமல். போன்லீங் அத்தை என்றாள். "பூபதி கூப்புட்டானா?" இல்லீங், நாலுக்குத்தான். "பூ சொன்னதச் சொல்லிரு." வெயில் காசு அரிசி டிரம்மில் ஏறிவிட்டது. சொல்லிரு. எவ்வளவு சுலபம், பூ சொன்னது மாமா என்று சொல்லிவிட்டால் யார் மேலும் குற்றமில்லை, கையைத் தூக்கிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். "நான் போறனுங் அத்தை" என்றாள் இந்துமதி. ஒட்டுப்புல் பிடுங்கிய விரல் நிற்கவில்லை, ஒன்று, ரெண்டு, மூன்று. "பூ வேண்டாம்னுதே." "கேட்டது நீங்க. எடுத்தது பாப்பா. நான் இன்னும் அம்மன்கிட்ட ஒண்ணும் கேக்கலீங்." "அப்ப நீயும் போயிக் கேளு." "கேக்க மாட்டனுங். அதுக்கு இருக்கற வேலையில எதையாச்சும் சொல்லும்." "சாமிய அது இதுங்கற" என்றார் மாமியார். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை, எருமையிடம் பேசுகிற குரலில் சொன்னார். "நீங்களும் வாங்க அத்தை. ரெண்டு ரூமு. நீங்க இல்லாட்டி நான் அங்க யாருகூடச் சண்டை போடறது, இந்தியில எனக்குச் சண்டை வராதுங்." "எருமைய யாரு பாத்துக்குவா? உன்ர அப்பனா?" "எங்கப்பாவத்தான் எருமை பாத்துக்கணும்." மாமியாருக்கு மூக்கு வழியாக ஒரு காற்று வந்தது, சிரிப்பென்று ஒப்புக்கொள்ள மாட்டார். பிறகு பிடுங்குவதற்குப் புல் இல்லாத இடத்திலும் விரல் பிடுங்கியது. "பூபதி பொறந்தப்ப அவங்கய்யன் வண்டியிலதான்" என்றார். "ஆறு வருசம். அய்யான்னு கூப்புடாமயே வளந்தான். நான் பூக் கேட்டுக் கேட்டு உக்காந்திருந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். இந்துமதிக்கு அழுகை வர வேண்டிய இடம், வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, இதைக் காலையில் கோயிலுக்குப் போகும் வழியில் சொல்லியிருந்தால் என்ன, பதினொரு வீடு தள்ளித்தானே கோயில், பதினொரு வீட்டு நேரம் இருந்ததே. "மூணு மாசத்துக்கு ஒருக்கா புள்ளையக் கூட்டிட்டு வந்தரோணும்" என்றார் மாமியார். சரிங் என்றாள். "பூவ மீறிப் போறவ, அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா?" "ஆச்சுன்னா நான் போனதால ஆச்சுங். பூவுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை."

போன் அடித்தது. அக்கரையில் முதல் ஆள் கால் வைக்கப் போகிற நேரம், திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு பூபதியின் முகம் வந்து நின்றது, என்ன இருந்ததென்று இனி அப்புறம்தான் தெரியும். மிதுனா தொட்டிலுக்குள் புரண்டாள். எடுக்கப் போன கையை மாமியார் எழுந்து வந்து பிடித்துக்கொண்டார், ஈரக் கை, எருமை வாசம். "இரு. அந்த வூட்டு வாசப்படி எந்தப் பக்கம் பாத்திருக்குதுன்னு கேட்டியா? தெக்குப் பாத்த வாசப்படின்னா நான் உட மாட்டேன், ஆமா." மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்துமதி வீட்டைக் கேட்டிருந்தாள், ரூமைக் கேட்டிருந்தாள், குழாயைக் கேட்டிருந்தாள், வாசலைக் கேட்கவே இல்லை.

"கிழக்குங் அத்தை" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "நேராக் கிழக்கு", சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.